வாத்துக்கு ஏது கதவு?

எனக்குச் சரியாக நினைவிருக்கிறதா என்று சந்தேகமாகத்தான் இருக்கிறது. ஸ்டெல்லா டீச்சர் முதலில் லேப்டாப்பை மூடினாரா, பள்ளியில் நான் பார்த்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் அறையின் கதவை மூடினாரா என்பது இப்போது குழம்புகிறது. தேவி சொன்னது மட்டும் குழம்பவில்லை.

“எங்கம்மாவ மட்டும் வரச் சொல்லாதீங்க டீச்சர்.”

“ஏன்? மாட்டிக்குவியா?”

எட்டாம் வகுப்பு தேவி தலையைக் குனிந்துகொண்டாள்.

டீச்சர் அந்த வருடம்தான் அந்தப் பள்ளிக்கு மாற்றலாகி வந்திருந்தார். வந்ததும் எட்டாம் வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்தார். ஆளுக்கொரு கதை எழுதி, அதைத் தமிழில் டைப் செய்து, படம் வரைந்து, குரல் சேர்த்து வீடியோ ஆக்க வேண்டும். நன்றாக வரும் ஒன்று வில்லியனூரில் நடக்கும் மாணவர் போட்டி விழாவுக்குப் போகும். ஒரே நிபந்தனை, பெரியவர்கள் யாரும் கை வைக்கக் கூடாது.

தேவியின் வாத்துக் கதைதான் போகும் என்று வகுப்பே நினைத்திருந்தது. அன்று காலை அவள் குரல் சேர்த்துக் கொண்டுவந்தாள்.

திரையில் தேவியின் ஊரான ஒதியம்பட்டின் வயலில் வாத்துகள் மேய்ந்தன. தாய் வாத்து பேசியது. “தண்ணி வருது. அங்க நிக்காத. தம்பிய இட்டுகினு சீக்கிரம் வா. கதவ சாத்து.”

“வாத்துக்கு ஏதுடி கதவு?” என்று யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

அன்புராஜ் சிரிக்கவில்லை. “டீச்சர், இது அவ வாய்சே இல்ல. யாரோ பெரிய பொம்பள வாய்ஸ். நாங்க தொண்ட கட்டிக்கிற வரைக்கும் படிச்சோம், இவ இன்னாடான்னா ஆள் வெச்சி படிச்சிட்டா!”

“யாரு வாய்ஸ் தேவி?”

“எங்கம்மா வாய்ஸ்.”

தேவி கெஞ்சியும் கேட்காமல் டீச்சர் அவள் வீட்டுக்குப் போன் செய்தார். எடுத்தது அப்பா ஜெயசீலன். “இதோ அனுப்புறேங்க” என்று சொல்லி வைத்துவிட்டார்.

மதியம் தேவியின் அம்மா அமிர்தம் வந்தாள். அந்த வெயிலிலும் முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்து மூடியிருந்தாள். கை கூப்பினாள். உட்காரச் சொல்லியும் நின்றாள்.

“எழுத்துக் கூட்டத் தெரியாம இருந்த புள்ளம்மா இது. இன்னிக்கு தப்பில்லாம டைப் பண்றா. அவளே தட்டுத் தடுமாறி படிச்சிருந்தாக்கூட நான் அனுப்பியிருப்பேன். நீங்க ஏன் படிச்சி குடுத்தீங்க?”

அமிர்தம் மகளைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்தாள். அமிர்தம் அவள் தோளைத் தட்டினாள். மறுபடியும் தட்டினாள்.

“அவள ஏன் இடிக்கிறீங்க? நான் உங்களத்தான் கேக்குறேன்.”

டீச்சர் காத்திருந்து பார்த்தார்.

“சரி, போட்டே காட்டுறேன். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.”

“வேணாம் டீச்சர்!” தேவி பாய்ந்து வந்து லேப்டாப்பின் மேல் கையை வைத்தாள். “அம்மா எதிர்ல போடாதீங்க. என் பேர வேணா எடுத்துடுங்க. நான் விழாவுக்குப் போவல.”

“இவ்ளோ பயப்படுறவ தப்பு பண்ணலாமா?” டீச்சர் அவள் கையை விலக்கிவிட்டுச் சத்தத்தைக் கூட்டினார்.

குரல் வந்தது. ஒரு சொல் உரக்க, அடுத்த சொல் மெல்ல. ஓரிடத்தில் பின்னால் பஸ் ஹாரன், இன்னோரிடத்தில் ஏதோ மெஷின் ஓடும் இரைச்சல். அமிர்தம் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கதை முடிந்த பிறகும் விடவில்லை.

“உங்க வாய்ஸ்தானே?”

ஆமாம் என்று தலையாட்டினாள்.

“அப்போ நீங்கதான படிச்சி குடுத்தது?”

இல்லை என்று தலையாட்டினாள்.

“ரெண்டுல எதும்மா? வாயத் தொறந்து சொல்லுங்க!”

அமிர்தம் உதட்டைக் கடித்துக்கொண்டாள். டீச்சருக்குப் பொறுமை போய்விட்டது. மவுஸை எடுத்து தேவியின் வீடியோவின் மேல் கொண்டுபோனார். அழித்துவிடவா என்று திரை கேட்டது.

“அழிக்காதீங்க டீச்சர்!” தேவியின் குரல் உடைந்தது. “அம்மா படிக்கல. போன வருசம் தொண்டையில ஆபரேசன் பண்ணதுலேருந்து அதுக்கு பேச்சே வராது. அதுக்கு முன்னாடி அம்மா கம்பெனி வேலைக்குப் போவும்போது அப்பா போனுக்கு அனுப்பும்ல வாய்ஸ் மெசேஜ், அதுலேருந்து ஒவ்வொரு வார்த்தையா நான்தான் வெட்டி ஒட்டுனேன். கேட்டா அழுவும்னுதான் சொல்லல.”

அமிர்தம் அழவில்லை. ஒரு விரலைச் சுழற்றிக் காட்டினாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

கதை வில்லியனூருக்குப் போனது, பரிசு வாங்கவில்லை. ஸ்டெல்லா டீச்சர் காரைக்காலுக்கு மாற்றலாகிப் போய்விட்டார். தேவியும் அன்புராஜும் ஒன்பதாவது படிக்கிறார்கள். அமிர்தத்துக்குக் குரல் திரும்பவில்லை.