யாரைக் கேட்டு எடுத்தாய்?

ரயில்வே கேட்டில் சரக்கு ரயில் மறித்துவிட்டதால், கொருக்குப்பேட்டையிலிருந்து ராமசெல்வி வந்து சேர்வதற்குள் திருடியைக் கூட்டத்தின் நடுவில் நிறுத்திவிட்டார்கள். சங்க ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கும் யசோதராதான். வியாபாரிகளின் சேமிப்பு முப்பத்தெட்டு லட்சத்தையும் காலையில் ஒரே இழுப்பில் எடுத்துவிட்டாளாம்.

ராமசெல்வி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். அதில் இரண்டு லட்சம் அவளுடையது. வாளியும் குடமும் விற்றுச் சேர்த்தது. மகளின் நர்சிங் காலேஜுக்கு வெள்ளிக்கிழமைக்குள் கட்டியாக வேண்டும்.

வியாசர்பாடிப் பெண்ணை வேலைக்கு எடுத்தால் இப்படித்தான் என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். ராமசெல்விக்கும் அப்போது அது நியாயமாகவே பட்டது.

அந்தச் சேமிப்பைக் காப்பது ஆள் இல்லை. ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்கிற கம்ப்யூட்டர் புரோகிராம். எழுதியவர் எபினேசர், சங்கத் தலைவர் தவசிமுத்து அண்ணாச்சியின் மாப்பிள்ளை. ஆரம்ப விழாவில் கம்ப்யூட்டருக்கு மாலை போட்டு, இனி யாரும் யாரையும் நம்ப வேண்டியதில்லை என்று அண்ணாச்சி முழங்கினார்.

முதலில் பொருளாளரின் போனிலிருந்து சொன்னால்தான் பணம் வெளியே வரும். போன வருஷம் அவர் சர்ச் அசன விருந்துக்கு ஊருக்குப் போய், போனை அணைத்துவிட்டு ஐந்து நாள் கறிச்சோறு சாப்பிட்டார். பணம் கேட்டவர்கள் இங்கே காய்ந்தார்கள். அண்ணாச்சிக்கு வந்ததே கோபம். நமக்குள்ளே என்ன பூட்டு, யார் வேண்டுமானாலும் தன் நம்பரைப் போட்டுப் பொறுப்பாளராகிப் பணம் எடுக்கிற மாதிரி எழுதும், மாப்ள என்றார். மாப்பிள்ளையும் புதிதாக எழுதிக் கொடுத்தார்.

நமக்குள்ளே என்றால் யார் யார் என்று புரோகிராமுக்குத் தெரியாது, முன்பின் தெரியாதவன் கேட்டாலும் கொடுத்துவிடும் என்று யசோதரா போன மாதமே சொன்னாள். பில் போடுகிற வேலையைப் பார் என்று அனுப்பிவிட்டார்கள்.

இப்போது அவள் எதையும் மறுக்கவில்லை.

"நான்தான் எடுத்தேன். எடுத்து அவுங்கவுங்க கணக்குக்கே அனுப்பிட்டேன். போன்ல கீது, பாருங்க."

கூடியிருந்த உறுப்பினர்கள் இருபத்துமூன்று பேரும் போனைத் திறந்தார்கள். ராமசெல்வியும் தன் கணக்கைப் பார்த்தாள். இரண்டு லட்சமும் இருந்தது. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது.

இன்றைக்கு அப்படி என்ன அவசரம் என்று அண்ணாச்சி விடாமல் கேட்டார்.

"பத்து அம்பதுக்கு ஒருத்தர் தன் நம்பரைப் பொறுப்பாளரா போட்டுக்கினாரு. பணம் வெளிய போறதுக்குள்ள நான் என் நம்பரைப் போட்டுட்டேன். வேற இன்னா பண்ண சொல்றீங்க?"

யார் அந்த ஆள், தோலை உரிக்க வேண்டும் என்று கூட்டம் கொதித்தது. எல்லோரையும்விட அதிகமாகக் கொதித்தவர் அண்ணாச்சிதான். யசோதரா தயங்கினாள். பணம்தான் வந்துவிட்டதே, விட்டுவிடலாம் என்றாள். அவர் மேசையைத் தட்டியதும், வேறு வழியில்லாமல் அந்த நம்பரின் கடைசி நான்கு இலக்கங்களைப் படித்தாள்.

உறுப்பினர் பட்டியல் போன் நம்பரோடு சுவரில்தான் ஒட்டியிருந்தது. எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். பிறகு அண்ணாச்சியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை எபினேசரைப் பார்த்தார்கள்.

அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டார். "பூட்டு சரியா இருக்கான்னு மாப்ள சோதிச்சுப் பாத்திருக்காரு. பொறுப்பான மனுசன் செய்யிற வேலை."

இப்படி ஒரு யோசனை அதுவரை எபினேசருக்கே வந்திருக்கவில்லை. ஆனாலும் ஆமாம் என்று தலையாட்டினார். சங்கத்தின் சார்பில் அவருக்கு நன்றி சொல்லித் தீர்மானம் எழுதப்பட்டது.

"அப்ப நானு?" என்றாள் யசோதரா.

"நீ யாரக் கேட்டு எடுத்த?" என்றார் அண்ணாச்சி.

இவளை வேலையை விட்டு நிறுத்திப் போலீஸில் புகார் கொடுக்கச் சம்மதிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்று அறிவித்தார். கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. அவர் பார்வை ராமசெல்வியிடம் வந்து நின்றது. அவள் கடை இருப்பது அவருடைய கட்டடத்தில்.

ராமசெல்வி, பணம் வந்திருந்த போனை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வலக்கையைத் தூக்கினாள்.