மணிப் படத்தின் மேல் மாவு

கதிரேசன் வடிவமைத்த ஆபத்துதவிச் செயலியில் முதலில் பெரிய சிவப்புப் பொத்தான் ஒன்று இருந்தது. திரையின் அழகைக் கெடுக்கிறது என்று அவனே அதை எடுத்துவிட்டு, மூலையில் இருந்த சின்ன மணிப் படத்துக்குள் ஒளித்துவைத்தான். படத்தைத் தட்டினால் ஒன்றும் நடக்காது. விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தால்தான், பதிந்துவைத்த உறவினருக்கு அழைப்பு போகும். "இது எப்படி சார் எல்லாருக்கும் தெரியும்?" என்று அலுவலகத்தில் ஒரு பெண் கேட்டாள். "தேவைப்படுறவங்க கண்டுபிடிச்சுக்குவாங்க" என்றான்.

தனியாக வாழ்ந்து இறந்துபோன அக்கா வடிவைச் சுடுகாட்டில் எரித்துவிட்டு வந்த மாலையில், பக்கத்து வீட்டுக்காரர் அவளுடைய போனைக் கொண்டுவந்து கொடுத்தார். "கிரைண்டர் பக்கத்துல விழுந்து கிடந்தா, இது கைக்குள்ளயேதான் இருந்துச்சு தம்பி. ஒருத்தரையும் கூப்பிடாம போயிட்டாளேன்னுதான் மனசு ஆற மாட்டேங்குது."

திரையை விழிக்கவைத்தான். அவனுடைய செயலிதான் திறந்திருந்தது. கண்ணாடியில் மற்ற இடமெல்லாம் சுத்தமாக இருக்க, மணிப் படத்தின் மேல் மட்டும் உளுந்துமாவு காய்ந்திருந்தது. ரேகை மேல் ரேகையாக, தட்டித் தட்டித் தடித்துப்போன மாவு.

அதன்மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தான். அவன் சட்டைப்பையில் போன் அலறத் தொடங்கியது. விரலை அவன் எடுக்கவில்லை.