பிறந்தநாள் வட்டம்

ஆபீஸில் கூட வேலை பார்க்கும் ஃபெம்கே தன் கணவர் காஸ்பரின் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டிருந்தாள். நெதர்லாந்தின் க்ரோனிங்கன் நகரில் வேலைக்குச் சேர்ந்த எட்டு மாதத்தில் மார்னிக்ஸை ஒருவர் வீட்டுக்கு அழைத்தது இதுவே முதல்முறை.

காஸ்பரை அவன் பார்த்ததில்லை. கதவைத் திறந்தவருக்கும் உள்ளே இருந்த இரண்டு பெண்களுக்கும் அந்நாட்டு வழக்கப்படி கைகொடுத்து வாழ்த்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்தான். வட்டமாகப் போட்டிருந்த பத்து நாற்காலிகளில் பாதிக்கு மேல் காலி. சீக்கிரமே வந்து தொலைத்துவிட்டோமோ என்று கூசியது. ஃபெம்கே எங்கே என்று கேட்கக்கூட வாய் வரவில்லை.

"இன்னொரு துண்டு கேக் எடுத்துக்குங்க," என்றார் பிறந்தநாள்காரர்.

நடுவில் வாசல் மணி அடித்தது. எழுந்துபோய்ப் பேசிவிட்டு வந்தவர், "மாடி வீட்டுக்காரங்க," என்றார்.

கழிப்பறைக்குப் போனபோதுதான் மார்னிக்ஸ் அங்கே சுவரில் தொங்கிய, வீட்டாரும் வேண்டியவர்களும் பிறந்த நாட்களைக் குறித்துவைக்கும் பிறந்தநாள் காலண்டரைப் பார்த்தான். இன்றைய தேதிக்கு நேரே 'யெல்மர்' என்று எழுதியிருந்தது. காஸ்பர் என்ற பெயரே எங்கும் இல்லை.

வீடு மாறி வந்திருக்கிறான். இரண்டு துண்டு கேக் தின்றாகிவிட்டது. காஸ்பருக்கென்று வாங்கிவந்த ஒயினையும் திறந்தாகிவிட்டது. சத்தமில்லாமல் கோட்டை எடுத்தவனை யெல்மர் வாசலில் பார்த்துவிட்டார்.

"மன்னிச்சிடுங்க. மணியை மாத்தி அடிச்சிட்டேன். நான் போகவேண்டியது காஸ்பர் வீடு."

"தெரியும், மாடியிலதான். அப்ப வந்தது ஃபெம்கே. ஆபீஸ்காரர் ஒருத்தர் தவறி இங்க வந்துட்டாரான்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"யாரும் வரலைன்னுட்டேன்." யெல்மர் தரையைப் பார்த்தார். "ஏழு பேரைக் கூப்பிட்டிருந்தேன். அக்கா, தங்கச்சியை விட்டா, வந்தது நீங்க ஒருத்தர்தான்."