வலது பொத்தானுக்கு ஒரு விருந்து

ஓர் அச்சகத்துக் கம்ப்யூட்டருக்குள் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் பழைய மென்பொருள் ஒன்று குடியிருந்தது. இயங்குதளத்தைப் புதுப்பித்ததும் வாசலுக்குப் புதுக் காவலர் வந்தார். மென்பொருளைத் திரைப்பக்கம் விடவே இல்லை. சாயங்காலத்துக்குள் திறக்காவிட்டால் அதை அழித்துவிடப் போவதாக முதலாளி சொல்லிவிட்டார்.

மௌஸின் இடது பொத்தான் கதவை இடி இடியென்று இடித்தது. “யோவ், திறய்யா!” காவலர் அசையவில்லை.

சும்மா கிடந்த வலது பொத்தான் மெதுவாகக் கேட்டது: “ஐயா, இவரை ஏன் விடமாட்டேங்கிறீங்க?”

“அப்பாடா, ஒருத்தராவது கேட்டீங்களே! நான் வேலைக்குப் புதுசு. இவர் யாருன்னே தெரியாது. தெரிஞ்சவங்க சொன்னா விட்டுடுவேன்.”

“நம்ம ஆளுதாங்க. ஊர்ல பாதிக் கல்யாணம் இவர் கைராசி.”

கதவு திறந்தது. பத்திரிகையும் அச்சுக்குப் போனது.

“உயிரைக் காப்பாத்துனீங்க. உங்களுக்கு என்னைக்கும் எங்க மென்பொருள் ஆளுங்க எல்லார் வீட்டுலயும் சாப்பாடு,” என்றது மென்பொருள்.

“நானும்தானே இடிச்சேன்!” என்று முறைத்தது இடது பொத்தான்.

அந்த நன்றியில்தான் இன்றைக்கும் வலது பொத்தானை எங்கே அழுத்தினாலும், இலை போட்டதுபோல் ஒரு பட்டியல் விரிகிறது. நம்பாவிட்டால் அழுத்திப் பாருங்கள். விரிந்த இலையில் வேண்டியதைத் தேர்ந்து முதல் கை வைப்பது மட்டும் இடது பொத்தான். அதையும் வலதுதான் பந்திக்கு அழைத்துவிட்டதாம்.