கொத்திய தக்காளி

தோட்டத்தில் பழுத்த தக்காளியில் பாதியைப் பறவைகள் கொத்திவிட்டன. வலை கட்டியும் பயனில்லை. பொறுமையிழந்த தையல்காரர், கொத்திய பழங்களில் மட்டும் பூச்சிமருந்தைத் தடவிவைத்தார். அதை மனிதர்கள் யார் தொடப்போகிறார்கள் என்று நினைத்து, வீட்டில்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் செடிக்கடியில் நான்கு பறவைகள் செத்துக் கிடந்தன. அவருக்குத் திருப்தி.

அன்று மாலையே மனைவி வாந்தியெடுத்து மயங்கி விழுந்தாள். மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

டாக்டர் வெளியே வந்தார். “காப்பாத்த முடியலை. உடம்புல விஷம் கலந்திருக்கு. என்ன சாப்பிட்டாங்க?”

“வீட்டுச் சாப்பாடுதான். நானும் அதைத்தானே சாப்பிட்டேன்!” என்று கதறினார் தையல்காரர்.

“இல்லப்பா,” என்றாள் மகள் அழுதுகொண்டே. “நல்ல பழத்தையெல்லாம் உங்களுக்குச் சமைச்சிட்டு, பறவை கொத்தினதை நறுக்கி அம்மா தனக்கு வச்சுக்குவாங்க. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாங்க.”