மாமனாரின் லாரி

துறைமுக வாசலில் சைரன் அலறியது.

கப்பலேறப் போகும் கன்டெய்னரைச் சுமந்து வரும் லாரி எதுவானாலும், அந்த வாசலில் நிற்கும் இரண்டு தூண்களுக்கு நடுவே புகுந்துதான் உள்ளே போகவேண்டும். அணுகுண்டுக்கான சாமானை யாராவது ஒளித்துக் கொண்டுவந்தால், அதன் கதிர்வீச்சைத் தூண்கள் மோப்பம் பிடித்துவிடும்.

காவலுக்கு நின்றவன் ஓடிப்போய் லாரியை மறித்தான். இந்தச் சத்தத்தை இதுவரை ஒத்திகையில்தான் கேட்டிருக்கிறான். டிரைவர் கைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கியதும் மிச்சமிருந்த தைரியமும் போய்விட்டது.

இறங்கியவர் அவனுடைய மாமனார்.

பின்னால் நின்ற டிரைவர்கள் வண்டிகளை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள். பாதுகாப்பு அதிகாரி கையில் கதிர்வீச்சை அளக்கும் கருவியோடு வந்தார்.

"யாருய்யா அது? உனக்குத் தெரிஞ்ச ஆளா?"

"என் மாமனார் சார். ஆனா எனக்கும் அவருக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல."

தான் வீட்டோடு மாப்பிள்ளை என்பதையும், காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டு வந்தது இதே மாமனார் வீட்டில்தான் என்பதையும் அவன் சொல்லவில்லை.

"ஆள் எப்படி?"

"கல்லு மனசு சார். போன வாரம் எனக்குப் பொண்ணு பிறந்துச்சு. வாசப்படியிலேர்ந்து எட்டிப் பார்த்துட்டுப் போயிட்டாரு. தூக்கக்கூட இல்ல. என் பொண்டாட்டி அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். அதுக்கப்புறம் வீட்டுப் பக்கமே தலைகாட்டல. லாரியிலேயே படுத்துக்கறாரு. கேட்டா லோடு இருக்குன்னு மழுப்பறாரு. என்ன லோடுன்னு இப்பத்தானே புரியுது."

எல்லாம் மாமனார் காதில் விழுந்தது.

அதிகாரி கருவியோடு கன்டெய்னரைச் சுற்றி வந்தார். கருவி மூச்சு விடவில்லை. சக்கரங்களுக்கு அடியிலும் ஒன்றுமில்லை. டிரைவர் சீட்டுக்கு அருகே போனதும் லேசாக முனகியது. அதிகாரி திரும்பி மாமனாரிடம் வந்து கருவியைக் கழுத்துப் பக்கம் நீட்டினார்.

கருவி வீலென்று கத்தியது.

அதிகாரியே ஓரடி பின்னால் குதித்தார். "யோவ், எதையாவது முழுங்கியிருக்கியா?"

"ஆமா சார்."

காவல்காரன் தூணுக்குப் பின்னால் போய் ஒளிந்தான்.

"மாத்திரை சார். ஆஸ்பத்திரியில குடுத்தாங்க. கழுத்துல கட்டி, புத்துநோயாம். அதைக் கருக்கறதுக்குக் கதிர்வீச்சு மருந்து. இங்கே சத்தம் போடும்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

அதிகாரி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு விசாரித்தார். பிறகு சைரனை நிறுத்தச் சொன்னார்.

மாப்பிள்ளைக்கு, சற்று முன் தான் பேசிய பேச்சையெல்லாம் இவர் நின்று கேட்டுக்கொண்டிருந்தாரே என்று நினைத்தபோது உடம்பு கூசியது.

"வீட்ல ஏன் மாமா ஒரு வார்த்தை சொல்லல?"

"பச்சை உடம்புக்காரி மாப்பிள்ளை. அவகிட்ட போய், உங்கப்பனுக்குப் புத்துநோய்னு எந்த வாயால சொல்றது? அவ கொஞ்சம் தேறட்டும்னு இருந்தேன்."

அவன் அவர் கையைப் பிடித்துக்கொள்ள ஓடினான். அவர் பதறிப் பின்வாங்கி, முதுகு லாரியில் இடிக்க நின்றார்.

"தள்ளி நில்லுங்க மாப்பிள்ளை. என் வேர்வை பட்டாலே கைக்குழந்தைக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. வீட்டுக்குப் போய் பாப்பாவைத் தூக்கற கை உங்களோடது."