துண்டுக்குள் ஒரு காய்ச்சல்

வீரய்யா தோளில் கிடந்த துண்டை எடுத்து, மேசை மேல் இருந்த டாக்டரின் கையை மூடினார்.

டாக்டர் ரெங்கராஜ் திடுக்கிட்டுக் கையை இழுக்கப் பார்த்தார். மாட்டுச் சந்தையில் இப்படித் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவதை அவர் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார். தன் டிஸ்பென்சரிக்கே சந்தை வந்துவிடும் என்று நினைத்ததில்லை.

பேரம் மாட்டுக்கு இல்லை. மருந்து கொடுக்கும் நாளுக்கு.

கால் விரலில் கட்டுடன் காத்திருந்த இன்னாசிக்கு வலி மறந்துவிட்டது.

"அப்படியே பல்லையும் புடிச்சுப் பாத்துருங்கண்ணே" என்றான்.

மாட்டுத் தரகர் வீரய்யா அதைக் காதில் வாங்கவில்லை. அவர் மகள் செவந்திக்கு டைபாய்டு. அனலாய்க் கொதித்த பிள்ளைக்கு டாக்டர் கொடுத்த கேப்ஸூல் வேலை செய்து, முந்தா நாள் உடம்பு குளிர்ந்துவிட்டது. இன்று காலை ரசஞ்சோறு கேட்டாள். பொன்னமராவதியே டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டிய காரியம்.

ஆனால் பாட்டில் காலியாகிற வரைக்கும் விடாமல் கொடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். காய்ச்சல் போன பிறகும்.

அங்கேதான் வீரய்யாவுக்கு மூக்கு வேர்த்தது.

முதலில் சொன்ன கணக்கை அவர் ஆயுசில் நம்பியதில்லை. பசு ஆறு படி கறக்கும் என்றால் மூன்று. இரண்டாவது ஈத்து என்றால் நாலாவது. பாதியைத் தள்ளிவிட்டு மிச்சத்தில்தான் அவர் யோசிக்கவே தொடங்குவார். மருந்தையும் விட்டுவைக்கவில்லை. ஒரு கேப்ஸூலைப் பிரித்து, உள்ளே இருந்த பொடியை நாக்கில் தடவிப் பார்த்திருந்தார். கசப்பு பொழுது சாயும் வரை போகவில்லை. ஆக, சரக்கு அசல்.

சரக்கில் மோசடி இல்லையென்றால் நாளில்தான் இருக்க வேண்டும். வெளியே நிற்கிற டாக்டரின் புது சைக்கிளில் எத்தனை கம்பி இப்படிக் கூடுதல் நாளில் முளைத்ததோ.

துண்டுக்குள் டாக்டரின் விரல்கள் சிலவற்றைப் பிடித்து அழுத்தினார். இத்தனை நாள் போதாதா?

டாக்டர் இல்லையென்று தலையசைத்தார்.

வீரய்யா இன்னொரு விரலைச் சேர்த்துக்கொண்டார், பெரிய மனசு பண்ணுகிற முகத்தோடு.

டாக்டர் இறங்கவில்லை. சந்தையில் இறங்கி வராதவன் இரண்டு வகை. மாட்டை விற்க மனசில்லாதவன். இல்லை, மாடு தன்னுடையதே இல்லாதவன். இவர் எந்த வகை என்று வீரய்யா கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

காய்ச்சல் போவது வேறு, கிருமி போவது வேறு என்றார் டாக்டர். குடலுக்குள் அது பாதி உயிராய்க் கிடக்கிறது, இப்போது விட்டால் எழுந்துகொள்ளும், திரும்பி வருகிற காய்ச்சல் குடலை ஓட்டை போட்டாலும் போடும் என்றார்.

ராசியான சுழி என்று மாட்டின் முதுகைத் தொட்டுக் காட்டி வீரய்யாவும் இப்படி எத்தனையோ பேரிடம் அளந்தவர்தான். முகம் மாறாமல் கேட்டுக்கொண்டார்.

பிறகு வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். மனைவி சொர்ணவல்லி மகளை மடியில் சாய்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் கண் தெருவில் இருந்தது.

வீரய்யா குரலைத் தாழ்த்தினார்.

"மிச்சத்த இன்னொரு புள்ளைக்குக் கொடுத்தாக் கேக்குமாங்க?"

"எந்தப் புள்ளைக்கு?"

டாக்டருக்குக் குரலைத் தாழ்த்தத் தெரியவில்லை.

அறந்தாங்கியில் தெரிந்தவர் வீட்டுப் பையன் என்று முணுமுணுத்தார் வீரய்யா. இதே காய்ச்சல்தான், சந்தைக்குப் போனபோது பார்த்தேன், கண்ணே திறக்கவில்லை என்றார். சொல்லும்போது அவர் விரல்கள் பேரத்தை மறந்து டாக்டரின் கையை இறுக்கிப் பிடித்திருந்தன.

பார்க்காத பிள்ளைக்கு மருந்து தர முடியாது என்றார் டாக்டர். அது டைபாய்டுதானா என்று தெரிய வேண்டும். உடம்புக்குத் தகுந்த அளவு வேண்டும். இந்த மருந்து சிலருக்கு ரத்தத்தையே கெடுத்துவிடும், பக்கத்திலிருந்து கவனித்துத்தான் கொடுக்க வேண்டும். ஒருவர் மருந்தை இரண்டு பேருக்குப் பங்கு போட்டால் இரண்டு பேரும் தேறமாட்டார்கள். அந்த அறந்தாங்கிப் பையனை இங்கே கூட்டி வாருங்கள் என்றார், தெருவுக்கே கேட்கும்படி.

இங்கேயா?

வீரய்யாவுக்கு இப்போது டாக்டர் மேல் முழுச் சந்தேகம் வந்துவிட்டது. விஷயம் தெரிந்துதான் கூப்பிடுகிறாரோ?

பொன்னமராவதி திருச்சி ஜில்லா. அறந்தாங்கி தஞ்சாவூர் ஜில்லா. இரண்டு வீட்டுக்கும் நடுவே சர்க்கார் போட்டுவைத்த எல்லையை நம்பித்தான் அவர் இத்தனை வருஷம் நிம்மதியாகத் தூங்கினார். அந்தப் பையனுக்கோ அச்சு அசலாக வீரய்யாவின் காது. வெளியே விடைத்துக்கொண்டு, அரைப் பர்லாங்கிலேயே அப்பன் பெயரைச் சொல்லிவிடும். இந்தத் தெருவில் அவனை யார் பிள்ளையென்று நடத்திக் கூட்டி வருவது?

கூட்டி வராவிட்டால் அவன் பிழைக்கமாட்டான் என்பதும் தெரிந்தது. அந்தக் கணக்கில் பாதியைத் தள்ள முடியவில்லை.

தூரம் ரொம்ப, அவர்களுக்கு வசதிப்படாது என்று இழுத்தார்.

வாசலிலிருந்து சொர்ணவல்லி பேசினாள். தெருவைப் பார்த்தபடியே, யாரிடமோ மணி கேட்பது போல.

"நாளைக்கு மொத பஸ்ஸுல நான் போயிக் கூட்டியாறேன், டாக்டரய்யா. அவுக ஆத்தாளும் கூட வரட்டும்."

வீரய்யா திரும்பினார். அவள் அவரைப் பார்க்கவில்லை. மகளின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டு, டாக்டரிடம் இன்னொன்றும் சொன்னாள்.

"அந்தப் பய மாத்தரைய முழுங்க மாட்டான். எப்பவும் நான் வாழப்பழத்துக்குள்ள வச்சுத்தான் குடுக்கிறது."